பக்கியில சாமான் ஏத்தப் போறீங்களா? டர்பனுக்குப் புதுசா வந்தவங்க இதைப் படிச்சிட்டு ஏத்துங்க

முதல்ல ஒரு வார்த்தை விளக்கம். நம்ம ஊர்ல பக்கின்னா திட்டுற வார்த்தை. இங்க தென்னாப்பிரிக்காவுல பக்கின்னா பின்னாடி திறந்த தொட்டி வெச்ச பிக்கப் வண்டி, ஹைலக்ஸ், என்பி200 இந்த மாதிரி. நான் வந்த புதுசுல வேலை செஞ்ச கடையில காலையில முதல் வேலையா "பக்கி எங்க, பக்கி எங்க"ன்னு கேப்பாங்க, என்னைத்தான் கேக்குறாங்களோன்னு ரெண்டு நாள் முழிச்சேன். இப்ப ஒன்பது வருஷம் ஆச்சு, தினம் ஹார்டுவேர் சாமான் டெலிவரி, அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் அடிபட்ட அனுபவம் இருக்கு. வீடு மாத்துறதுக்கோ, கோயில் விசேஷத்துக்குப் பாத்திரம் தூக்கறதுக்கோ, வேலைக்கோ, என்னைக்காவது ஒருநாள் உங்க கையில ஒரு பக்கியைக் குடுத்துருவாங்க தம்பிகளா, அப்ப உதவும்.

என் கதையைச் சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். வந்து ரெண்டாவது வருஷம், ஓவர்போர்ட்ல இருந்த ரூமைக் காலி பண்ணிட்டு சாட்ஸ்வர்த்துக்குப் போறோம். ஃப்ரெண்டோட பக்கி. கீழ பீரோவைப் படுக்கவெச்சு, அதுமேல டபுள் மெத்தையைப் போட்டு, நீல நைலான் கயித்தால குறுக்க ரெண்டு இழை இழுத்து, கால வெச்சு மிதிச்சு இறுக்கிக் கட்டினோம். தூத்துக்குடிக்காரன் நான், கயிறு கட்டறதுல ஒரு திமிர் வேற. என்3 ஹைவேல ஏறி, என்2 ஹைவேக்குத் திரும்பற அந்த ஸ்பாகெட்டி ஜங்ஷன் வளைவுல, கண்ணாடியில பாத்தா மெத்தை எழுந்து நிக்குது. அடுத்த நொடி அது இல்ல. பின்னாடி வந்த டாக்ஸி, இங்க டாக்ஸின்னா பதினஞ்சு பேர் ஏறுற வேன், ஒரே வெட்டு வெட்டி பக்கத்து லேனுக்குப் போயி எப்படியோ தப்பிச்சிடுச்சு, மெத்தை உருண்டு போயி ஓரக் கம்பியில சாஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. டாக்ஸிக்காரர் முன்னாடி போயி ஓரங்கட்டி இறங்கி ஜூலுவுல திட்டினார் பாருங்க, ஒரு வார்த்தை புரியல, எல்லாம் புரிஞ்சுது.

இதுல என்னைத் தூங்கவிடாத விஷயம் வேற. வீட்டுக்குப் போயி பாத்தா கயிறு அறுந்திருக்கல. முடிச்சு அவுந்திருக்கல. கட்டினது கட்டினபடியே இருக்கு, நடுவுல இருந்த மெத்தை மட்டும் உருவிட்டுப் போயிருக்கு. அன்னைக்குத்தான் ஒண்ணு மண்டையில ஏறுச்சு: கயிறு சாமானைப் புடிச்சுக்கும்னு நாமதான் நினைச்சிட்டிருக்கோம், கயிறு சும்மா மேலருந்து அமுக்குது, அவ்வளவுதான். அடுக்கற விதம்தான் புடிக்குது. கீழ சொல்றது எல்லாமே இதைச் சுத்தித்தான்.

கனத்தைப் பாருங்க

ஏத்தறதுக்கு முன்னாடி முன்கண்ணாடியில ஒட்டியிருக்கற லைசன்ஸ் டிஸ்க்கைப் பாருங்க. அதுல டேர்னு ஒரு எண் இருக்கும், அது வெறும் வண்டியோட கனம். ஜிவிஎம்னு இன்னொண்ணு, அது சாமானும் ஆளும் சேர்ந்து அந்த வண்டி தாங்கக்கூடிய மொத்தக் கனம். ஜிவிஎம்ல இருந்து டேரைக் கழிச்சா வர்றதுதான் உங்க கணக்கு, அதுல டிரைவர், பக்கத்துல உக்கார்ற ரெண்டு பேர் கனத்தையும் கழிக்கணும், இதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. இங்க சிமெண்ட் மூட்டை 50 கிலோ, பதினஞ்சு மூட்டை ஏத்தினா 750 கிலோ, சின்ன பக்கிக்கு அதோட முடிஞ்சுது. ஸ்பிரிங் தாங்குதேன்னு மேல ரெண்டு மூட்டை போடாதீங்க. பின்பக்கம் அமுங்கினா முன்சக்கரம் லேசாயிடும், ஸ்டியரிங் வழுக்கும், பிரேக் புடிச்சா நிக்கற தூரம் கூடிப்போயிடும்.

அடுக்கறதுதான் வேலையே

தொட்டியை முதல்ல பெருக்குங்க. சிரிப்பா இருக்கும், ஆனா தரையில மணலோ எண்ணெயோ இருந்தா அதுமேல வெக்கற சாமான் சக்கரம் வெச்ச மாதிரி ஓடும். பழைய ரப்பர் மேட் ஒண்ணு விரிச்சா இன்னும் நல்லது, பெயிண்ட் அடிச்ச தகரத்து மேல கிடைக்கற பிடிப்பு மாதிரி ரெண்டு மடங்கு ரப்பர்ல கிடைக்கும், ஓசியில கிடைக்கற பாதுகாப்பு அது.

அப்புறம் கனமானதை எல்லாம் கீழ, டிரைவர் கேபினுக்குப் பின்சுவர் இருக்குல்ல, அதோட ஒட்டி. ஒட்டின்னா ஒட்டித்தான், நடுவுல ஒரு கை போற இடம்கூட விடக்கூடாது. ஏன்னா பிரேக் போடறது நீங்க, வண்டி நிக்குது, ஆனா சாமானுக்கு யாரும் பிரேக் போடல, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். ஏற்கனவே சுவர்ல சாஞ்சிருந்தா சுவரைத் தள்ளும், அவ்வளவுதான். ஒரு அடி இடைவெளி இருந்தா அந்த ஒரு அடியில வேகம் எடுத்து வந்து இடிக்கும், அது சம்மட்டி அடி.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கிட்டுப் படிங்க. சாமான் கட்டறதுக்கு உலகம் பூரா வெச்சிருக்கற பொது அளவு என்னன்னா, முன்பக்கமா சாமானோட கனத்துல 80 சதவீதம் தாங்கணும், பக்கவாட்டுலயும் பின்பக்கமாவும் 50 சதவீதம் தாங்கணும். பத்து சிமெண்ட் மூட்டை, 500 கிலோ, தொட்டி நடுவுல வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். சடன் பிரேக்ல அதைத் தடுக்க 400 கிலோ அளவுக்குப் பிடிப்பு வேணும். தகரத்துக்கும் மூட்டைக்கும் நடுவுல உராய்வு 0.3னு, அதாவது கனத்துல 30 சதவீதம்னு வெச்சா, தானா கிடைக்கற பிடிப்பு 150 கிலோ. பாக்கி 250. இப்ப ஒரு நல்ல ராட்செட் ஸ்ட்ராப்பை, அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கற வார்ப்பட்டையை, மேல போட்டு முழுசா இறுக்கறீங்க, அது ரெண்டு பக்கமும் 300 கிலோ வீதம் 600 கிலோ அமுக்குதுன்னே வெச்சாலும், அதுல பிடிப்பா மாறுறது 180 கிலோதான். பத்தல. ரெண்டு ஸ்ட்ராப் போட்டாத்தான் தேறும், அதுவும் எல்லாம் சரியா இருந்தா. கையால இழுத்துக் கட்டின நைலான் கயிறு இந்தக் கணக்குல வர்றதே இல்ல. அதே மூட்டையை முன்சுவரோட ஒட்டி வெச்சிருந்தா முன்பக்கத்துக் கவலையை அந்தச் சுவரே பாதிக்கு மேல ஏத்துக்கும், ஸ்ட்ராப்புக்குச் சின்ன வேலைதான் மிச்சம்.

எங்க கடையில ஒரு அங்கிள் இருந்தார், இங்கயே பொறந்து வளந்தவர், பாட்டிகிட்ட கத்துக்கிட்ட தமிழ், பாதிக்கு மேல இங்கிலீஷ் கலந்திருக்கும். மெத்தைக் கதையைச் சொன்னதும் மனுசன் சிரிச்சே சாகப் போனார். அப்புறம் ஒண்ணு காட்டிக் குடுத்தார். சாமானை அடுக்கி முடிச்சதும், கயிறே போடாம, கடைக்குள்ள இருக்கற யார்டுல நடக்கற வேகத்துல வண்டியை ஓட்டி, வெடுக்குனு ஒரு பிரேக். இறங்கி வந்து பின்னாடி பாப்பார். எதாவது விரக்கடை நகர்ந்திருந்தா, "நோ குட், இறக்கு, திருப்பி அடுக்கு", அதுக்கப்புறம்தான் ஸ்ட்ராப்பைத் தொடவே விடுவார். ரோட்டுல இதைச் செய்யாதீங்க, காலியா இருக்கற இடத்துல மட்டும், பின்கதவைச் சாத்திட்டு.

இடைவெளி வரத்தான் செய்யும், எல்லா சாமானும் செங்கல் மாதிரி சதுரமாவா இருக்கு. அங்க பழைய டயர், மரக்கட்டை, துணி மூட்டை, தலகாணி, எதாவது திணிங்க. ஃப்ரிட்ஜை நிமித்தி வெச்சு முன்சுவர்ல சாய்ச்சுக்குங்க, கதவுக்கு டேப் ஒட்டுங்க. வாஷிங் மெஷின் நிமிந்தே போகணும். கேஸ் சிலிண்டரும் நிமித்தித்தான், வால்வ் மூடி, தனியா ஒரு ஸ்ட்ராப், கண்ணாடி ஏத்தின கார் டிக்கியில சிலிண்டர் வெச்சுக்கிட்டுப் போற வேலை வேண்டவே வேண்டாம். 9 கிலோ சிலிண்டர்ங்கறது உள்ள இருக்கற கேஸோட கணக்கு, இரும்போட சேர்ந்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரும்.

கோயில் விசேஷம்னா பெரிய டெக்கு (சமையல் அண்டா), அடுப்பு, பிளாஸ்டிக் சேர்னு அள்ளிட்டுப் போவோம். தைப்பூசக் காவடி சமயத்துல வேட்டி கட்டிக்கிட்டு அவசரத்துல ஏத்துற லோடு மாதிரி ஆபத்து வேற இல்ல, எல்லாருக்கும் நேரம் ஆச்சு, எல்லாரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுவாங்க, கட்டறது யாருன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தர் பொறுப்புன்னு வெச்சுக்குங்க. சேரை இருவது இருவதா அடுக்கினா பனைமரம் மாதிரி ஆடும், பத்துக்கு மேல வேண்டாம், ஸ்ட்ராப்பை மேல போடாம கைப்பிடிக்கு நடுவுல நுழைச்சு இழுங்க. டெக்கைக் கவுத்து வெச்சுட்டா உருளாது, காத்தும் உள்ள பூராது.

ஸ்ட்ராப் போடற முறை

நீலக் கயிறை விட்டுருங்க. நனைஞ்சா நீளும், வெயில்ல நைஞ்சிடும், நைஞ்சது வெளிய தெரியாது. எந்த ஹார்டுவேர் கடையிலயும் ராட்செட் ஸ்ட்ராப் கிடைக்கும். அதுல ஒரு துணி லேபிள் தச்சிருக்கும், அதைக் கிழிக்காதீங்க. எல்சின்னு போட்டிருக்கறது அது தாங்கற அளவு, எஸ்டிஎஃப்னு போட்டிருக்கறது நீங்க கையால இறுக்கும்போது உண்மையில கிடைக்கற இழுவை. கடைக்காரர் எல்சியைத்தான் பெருசாச் சொல்லி விப்பார், மேல போட்டு அமுக்கறதுக்கு நமக்கு வேண்டியது எஸ்டிஎஃப். அளவு டேகாநியூட்டன்ல இருக்கும், ஒண்ணுக்கு ஒரு கிலோன்னு நினைச்சுக்குங்க போதும். லேபிள் நீலமா இருந்தா பாலியெஸ்டர், அதைத்தான் வாங்கணும்.

வார்ப்பட்டையை உருளையோட பிளவுல விட்டு, முதல்ல கையால நல்லா இழுத்துட்டு, அப்புறம் கைப்பிடியை ஆட்டுங்க, உருளையில ரெண்டு மூணு சுத்து விழணும். ஒரு சுத்துகூட விழலன்னா நழுவும், நிறைய சுத்தினா சிக்கிக்கும், அப்புறம் அவுக்க சுத்தியல் தேடணும். கைப்பிடியை மடக்கிப் படுக்கவைங்க. மிச்ச வாலை உள்ள சொருகுங்க, காத்துல ஆடிட்டே போனா சக்கரத்துல மாட்டும். நீளம் பத்தலன்னு ஸ்ட்ராப்ல முடிச்சுப் போடாதீங்க, முடிச்சு விழுந்தா பலம் பாதியாயிடும். தகர விளிம்பு, ஓடு, டைல்ஸ் மேல போகுதுன்னா அங்க அட்டையோ பழைய ரப்பர் குழாயோ மடிச்சு வைங்க, இல்லன்னா கத்தியில உரசற மாதிரிதான்.

கோணமும் முக்கியம். ஸ்ட்ராப் செங்குத்தா இறங்கினா முழுசா அமுக்கும். தாழ்வான சாமானுக்கு மேல படுத்த மாதிரி, ஒரு 30 டிகிரியில போச்சுன்னா பாதிதான் அமுக்கும். அந்த மாதிரி இடத்துல மேல போடறதைவிட, சாமானுக்கு முன்னாடி சுத்தி ரெண்டு முனையையும் பின்னாடி கொக்கியில இழுத்துக் கட்டறது நல்லது. கொக்கியை வண்டியோட கொக்கியிலதான் மாட்டணும், பம்பர்லயோ டெயில்லைட் கிட்ட கிடைச்ச ஓட்டையிலயோ இல்ல.

அப்புறம் காத்து. நாம யாரும் இதை நினைக்கறதே இல்ல. டபுள் மெத்தை ரெண்டரை சதுர மீட்டர் இருக்கும். முன்விளிம்பு லேசாத் தூக்கி அது எழுந்து நின்னா, 60ல போகும்போது நாப்பது கிலோவுக்கு மேல காத்து தள்ளும். 100ல போனா நூறைத் தாண்டும், வேகம் ரெண்டு மடங்குகூட இல்ல, காத்து கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதனால மெத்தை, பிளைவுட், தகர ஷீட், இதெல்லாம் படுக்கப்போட்டா முன்விளிம்பைக் கட்டாயம் கட்டணும், முடிஞ்சா மேல கனமான சாமானை வைங்க. மேல ஆள் உக்காந்து புடிச்சுக்கறது எல்லாம் இல்லவே இல்ல. இங்க வேலைக்காரங்களைச் சாமான் மேலயே உக்காரவெச்சுக் கூட்டிட்டுப் போறதைத் தினம் பாப்பீங்க, பாத்துப் பழகிடாதீங்க. ஆள் உக்காந்தா சுத்துச்சுவர் உக்கார்ற இடத்துல இருந்து 350 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கணும், சாமானுக்கும் ஆளுக்கும் நடுவுல தடுப்பு இருக்கணும்னு விதியே இருக்கு. 2022 செப்டம்பர்ல போங்கோலா பக்கத்துல என்2ல ஒரு லாரி எதிர்த்தடத்துல வந்து பக்கியை அடிச்சுது, பக்கியோட பின்னாடி இருந்தது ஸ்கூல் பிள்ளைங்க. அந்த ஊர்ப் பேரைக் கேட்டா இன்னும் வயித்தைக் கலக்கும்.

மணல், ஜல்லி, இடிச்ச கல்லு ஏத்தினா தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கட்டுங்க. ஒரு ஜல்லி போதும் பின்னாடி வர்றவர் கண்ணாடிக்கு. இங்க ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட்னு ஒண்ணு இருக்கு, பெட்ரோல் விலையிலயே அதுக்குக் காசு போகுது, ஆனா அது ஆளுக்குப் பட்ட காயத்துக்குத்தான், கண்ணாடிக்கும் காருக்கும் குடுக்காது, அது உங்க பாக்கெட்டுதான்.

நீளமான சாமான்

பைப், கம்பி, ஏணி. பின்னாடி 1.8 மீட்டருக்கு மேல நீட்டக்கூடாது. 300 மில்லிமீட்டருக்கு மேல நீட்டினாலே பகல்ல சிவப்புத் துணிக் கொடி கட்டணும், 300க்கு 300க்குக் குறையாம, பக்கவாட்டுல 150 தாண்டினாலும் அப்படித்தான். பிளாஸ்டிக் பை கட்டிட்டுப் போறவங்க நிறைய, போலீஸ் புடிச்சா அது கொடி இல்ல. ராத்திரியில லைட்டும் ரிஃப்ளெக்டரும் வேணும், நான் சொல்றது என்னன்னா நீளமானதை ராத்திரியில எடுக்கவே எடுக்காதீங்க. பைப்பைத் தனித்தனியா விடாம கட்டாக் கட்டி, ஸ்ட்ராப்பை ஒரு முழுச் சுத்து சுத்திப் போட்டாத்தான் நடுவுல இருக்கற பைப் உருவாது, உருவின பைப்பு ஈட்டிதான்.

டிரெய்லர்

வாடகைக்கு ஈஸியாக் கிடைக்குது, அதனாலயே ஆபத்து. சாதாரண கார் லைசன்ஸ்ல டிரெய்லரோட ஜிவிஎம் 750 கிலோ வரைதான். கனத்தை அச்சுக்கு மேலயும் கொஞ்சம் முன்னாடியும் வைங்க, மொத்தத்துல பத்துல ஒரு பங்கு கொக்கி மேல இறங்கணும். பின்னாடி கனம் வெச்சா 80, 90ல டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், அப்ப பயந்துபோய் பிரேக்கை மிதிச்சா கவுந்துரும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராப் புடிச்சு, தானா வேகம் குறையட்டும். சேஃப்டி செயினை மாட்டினீங்களான்னு ரெண்டு தடவை பாருங்க.

ஓட்டும்போது

கிளம்பி பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க, ஸ்ட்ராப்பைத் தட்டிப் பாருங்க, கட்டாயம் தளர்ந்திருக்கும், சாமான் குலுங்கி உக்காந்திருக்கும். திரும்ப இறுக்குங்க. ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) போறதா இருந்தா ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பாருங்க. என்3 கடல்மட்டத்துல ஆரம்பிச்சு மேல ஏறிக்கிட்டே போகுது, மாரிட்ஸ்பர்க்ல டவுன் ஹில், அப்புறம் வான் ரீனன் கணவாய். ஏத்தத்துல சாமான் பின்கதவுப் பக்கம் தள்ளும், இறக்கத்துல முன்சுவர் பக்கம் தள்ளும். பின்கதவுக் கொக்கியை மட்டும் நம்பாம உள்பக்கமா குறுக்க ஒரு ஸ்ட்ராப் போட்டுருங்க. இறக்கத்துல கியரைக் குறைச்சு இறங்குங்க, காலை பிரேக்ல வெச்சுக்கிட்டே இறங்கினா சூடாகி பிடிக்காமப் போயிடும். 2013ல பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில்ல பிரேக் இல்லாம இறங்கின லாரி டாக்ஸிங்க மேல ஏறி 24 பேர் போனாங்க, எம்13ல அந்த இறக்கத்துல இறங்கும்போது இன்னைக்கும் நான் கண்ணாடியைப் பாத்துக்கிட்டேதான் போவேன்.

அடுத்தவங்க லோடையும் பாருங்க. டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் சீசன்ல கரும்பு லாரி பின்னாடி ஒட்டிப் போகாதீங்க, கரும்பு விழுந்துக்கிட்டே போகும். டிசம்பர்ல கூரை மேல சூட்கேஸ், கட்டில்னு வீடு உயரத்துக்கு ஏத்திட்டு ஊருக்குப் போற வேன்களும் அப்படித்தான். பேஹெட் ரோடு பக்கம் கண்டெய்னர் லாரி வளைவுல திரும்பும்போது பக்கத்துல நிக்காதீங்க, கண்டெய்னரை லாரியோட பூட்டற, நாலு மூலையில இருக்கற ட்விஸ்ட்லாக்கும் பூட்டியிருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. 100ல போனா நொடிக்கு 28 மீட்டர் போறீங்க, நாலு நொடி தூரமாவது விடுங்க.

விழுந்துட்டா

எடுக்க ஓடாதீங்க. என் ஃப்ரெண்டு அன்னைக்குக் கதவைத் திறந்துட்டு ஓடப் பாத்தான், சட்டையைப் புடிச்சு இழுத்தேன், அடுத்த செகண்ட் ஒரு கார் அந்த லேன்ல பறந்துச்சு. ஹசார்டு லைட்டைப் போட்டு, முடிஞ்ச அளவு ஓரங்கட்டி, ரோட்டுப் பக்கம் இல்லாத கதவு வழியா இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. பாத்து நடக்க இடம் இருந்தா மட்டும் எச்சரிக்கை முக்கோணத்தை 45 மீட்டர் பின்னாடி வைங்க. செல்லுல இருந்து 112, போலீஸுக்கு 10111. எந்த ரோடு, எந்தப் பக்கம், பக்கத்துல என்ன எக்ஸிட்னு சொல்லுங்க. லேன்ல கிடக்கற சாமான் வேற யார் வண்டியிலயாவது மாட்டறதுக்கு முன்னாடி அவங்க வந்து ரோட்டை மறிச்சு எடுப்பாங்க. போன மெத்தை போனதுதான், நாங்க புதுசு வாங்கினோம், கடைக்காரர் டெலிவரி பண்றோம்னு சொன்னதும் மறுபேச்சு இல்லாம சரின்னுட்டேன்.

அந்த நீலக் கயிறு மட்டும் பத்திரமா இருக்கு. பின்பக்கம் துணி காயப்போடற கொடியா கட்டியிருக்கேன், ஈரப் போர்வை போட்டா இப்பவும் தொங்கிப்போகுது.